கடைசிக் குழாயில் அளப்போம்

இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாள் சொற்பொழிவு, ஆர்.கே.பேட்டை



இலக்கிய மேடையில் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிதையும் கதையும் பேசுகிற இடத்தில் லிட்டர் கணக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கிணறும் குளமும் வராத தலித் தன்வரலாறு அரிது. தாகத்தை நம் எழுத்தாளர்கள் எழுதிவிட்டார்கள். அந்தத் தாகத்தை அரசு எந்தக் கணக்கில் எழுதுகிறது, அந்தக் கணக்கில் நம் தெரு இருக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு.

நாம் யாரை நினைத்துக் கூடியிருக்கிறோமோ அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1924ஆம் ஆண்டு மதராஸ் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொது அலுவலகம், பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அது மிகப் பெரிய வெற்றி. ஆனால் மறுநாள் காலையில் எத்தனை கிணறுகளில் நம் வாளி இறங்கியது? அதை எண்ணிப் பார்க்க எந்த அலுவலகமும் இல்லை. அந்தக் காலத்தில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் கிணறுகள் வெட்டிக் கொடுத்தது. தனிக் கிணறுகளை எண்ணுவது எளிது. பொதுக் கிணறு நமக்குத் திறந்ததா என்பதை எண்ணுவது கடினம். எளிதாக எண்ணக்கூடியதே அறிக்கைக்குள் போகும்.

மகாத்து நகரின் கதையும் இதுதான். 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே பொது நீர்நிலைகளைத் திறந்துவிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1924இல் மகாத்து நகராட்சி தன் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக முடிவெடுத்தது. ஏட்டில் குளம் திறந்திருந்தது, கரையில் யாரும் இறங்க முடியவில்லை. தீர்மானத்தை நடைமுறைப்படுத்தாத உள்ளாட்சிகளுக்கு மானியம் தரக்கூடாது என்று 1926இல் போலே இன்னொரு தீர்மானமும் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அதன்பின் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி தன் முடிவைத் திரும்பப் பெற்றது. நீதிமன்ற வழக்கு முடிய 1937 ஆனது.

சட்டப் போராட்டமாகவும் உரிமைப் போராட்டமாகவும் நாம் இதைப் படித்திருக்கிறோம். இதை ஓர் அளவீடாகவும் பார்க்கலாம். குளம் திறந்திருக்கிறது என்று நகராட்சி சொன்னது. உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று அம்பேத்கர் கரையிலேயே சோதித்துக் காட்டினார். இன்றைய குடிநீர்க் கணக்குகளையும் நாம் அப்படித்தான் சோதிக்க வேண்டும்.

ஒன்பது அளவுகோல்கள்

ஒரு நகரத்தின் குடிநீர் அமைப்பு நன்றாக வேலை செய்கிறதா என்பதை எப்படிச் சொல்வது? ஏரி நிறைந்திருக்கிறது, குழாய் போட்டாகிவிட்டது, இத்தனை கோடி செலவானது என்று சொல்வது பழைய வழக்கம். அவையெல்லாம் போட்ட முதல். வீட்டில் என்ன வந்து சேர்ந்தது என்பதைச் சொல்பவை அல்ல. இந்த மாற்றத்துக்காகத்தான் 2008இல் நடுவண் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் சேவைத்தர அளவுகோல்களை வெளியிட்டது. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் ஆகிய நான்கு பணிகளுக்கும் சேர்த்து 28 அளவுகோல்கள். அவற்றில் குடிநீருக்கு 9.

வீட்டு இணைப்பு 100 விழுக்காடு இருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும். வருவாய் தராத நீர் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 24 மணி நேரமும் தண்ணீர் வர வேண்டும். சோதித்த நீர் மாதிரிகள் அத்தனையும் தரமாக இருக்க வேண்டும். புகார்களில் 80 விழுக்காடு 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். இயக்கச் செலவு முழுவதும் கட்டணத்தில் திரும்ப வேண்டும். கேட்ட கட்டணத்தில் 90 விழுக்காடு வசூலாக வேண்டும்.

13ஆவது நிதிக்குழு இதற்குப் பல் கொடுத்தது. அடுத்த ஆண்டில் எட்டப்போகும் அளவுகளை ஒவ்வொரு நகரத்துக்கும் அரசிதழில் அறிவிப்பது, செயல்திறன் மானியம் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றானது. போலே 1926இல் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: சொன்னதைச் செய், இல்லையேல் பணம் இல்லை.

இப்படி அளப்பது வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. 2007இல் ஆசிய வளர்ச்சி வங்கியும் அதே அமைச்சகமும் சேர்ந்து 20 நகரங்களின் குடிநீர் நிறுவனங்களை ஒப்பிட்டன. சென்னையும் அதில் ஒன்று. ஒரு நகரத்திலும் 24 மணி நேரத் தண்ணீர் இல்லை. சராசரியாக நாளுக்கு 4.3 மணி நேரம்தான் வந்தது. அனுப்பிய நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வருவாய்க் கணக்கில் வரவில்லை. அப்படி வரிசைப்படுத்திப் பார்த்த பிறகுதான் குறை ஏரியில் மட்டும் இல்லை, குழாயிலும் நிர்வாகத்திலும் இருக்கிறது என்று பேச முடிந்தது.

தெருக்குழாய் எந்தப் பத்தியில் இருக்கிறது?

இப்போது இந்த ஒன்பதையும் நம் தெருவில் நின்று பார்ப்போம்.

முதல் அளவுகோல் வீட்டு இணைப்பு. வீட்டுக்குள் நேரடிக் குழாய் இருந்தால்தான் அது கணக்கு. தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடிக்கும் வீடு இணைப்புப் பெற்ற வீடாக எண்ணப்படாது. இது சரியான விதி. தெருக்குழாயைக் காட்டி வேலை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

நான்காவது, வருவாய் தராத நீர். உடைந்த குழாயில் ஒழுகுவது, திருட்டு இணைப்பில் போவது, பழுதான மீட்டரில் தப்புவது எல்லாம் இதில் அடங்கும். அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது: அனுமதி பெற்று, ஆனால் கட்டணம் இல்லாமல் வழங்கும் நீர். தெருக்குழாய் அதில்தான் வருகிறது. அதாவது ஒரு சேரியின் குடிநீரும் வால்வில் ஒழுகி மண்ணில் போகும் நீரும் கணக்குப் புத்தகத்தில் ஒரே பத்தியில் நிற்கின்றன.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஓர் அதிகாரி தன் நகரத்தின் மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும். நிலத்துக்கடியில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பது செலவும் உழைப்பும் கேட்கும். ஒரு தெருக்குழாயைப் பிடுங்குவதற்கு ஒரு ரெஞ்சு போதும். அந்தத் தெருவுக்கு வீட்டு இணைப்பு கொடுத்துவிட்டுப் பிடுங்கினால் முன்னேற்றம். கொடுக்காமல் பிடுங்கினாலும் வருவாய் தராத நீர் குறைந்ததாகவே அறிக்கை காட்டும்.

புகார் அளவுகோலும் இப்படித்தான். பதிவான புகாரில் எத்தனை தீர்ந்தது என்பதே கேள்வி. பல முறை சொல்லியும் யாரும் வராததால் சொல்வதையே நிறுத்திவிட்ட தெருவின் பெயர் பதிவேட்டில் இருக்காது. குறையே இல்லாத தெருவும், சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தெருவும் அங்கே ஒன்றுபோலத் தெரியும்.

சராசரிக்குள் மறையும் காலனி

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் சராசரி. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பேரூர் ஒன்றில் 10,000 பேர். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் விடுகிறார்கள். ஆளுக்கு 100 லிட்டர் என்று அறிக்கை எழுதப்படும். ஊர்ப்பகுதியில் 8,000 பேர், அவர்களுக்கு ஆளுக்கு 115 லிட்டர் கிடைக்கிறது. அதற்கே 9 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் போய்விடும். மீதி 80 ஆயிரம் லிட்டரைக் காலனியில் உள்ள 2,000 பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 40 லிட்டர். சராசரி அப்போதும் 100தான். அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. காலனியும் இல்லை.

ஏன் அப்படி நடக்கிறது? எல்லா இடத்திலும் யாரோ வேண்டுமென்றே அடைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீர் அழுத்தத்தால் ஓடுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தூரம் கூடக்கூட, வழியில் கிளைகள் கூடக்கூட அழுத்தம் குறையும். தொட்டி எங்கே கட்டப்பட்டது, முதலில் எந்தத் தெருவுக்குக் குழாய் போனது, காலனிக்கு எப்போது நீட்டினார்கள், எத்தனை அங்குலக் குழாயில் நீட்டினார்கள் என்பதெல்லாம் ஒரு காலத்தில் மனிதர்கள் எடுத்த முடிவுகள். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில், பின்னால் நீட்டிய குழாயின் கடைசி நுனி பெரும்பாலும் நம் பக்கம்தான் இருக்கும். இடையில் இரண்டு வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்த நுனியில் காற்றுதான் வரும்.

நான் வளர்ந்த காலனியிலும் அதே நிலைதான். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தண்ணீர் வந்த நாளில் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார், குடத்துக்கு ஒரு புள்ளி வைப்பார். டேங்க் ஆபரேட்டர் “நேத்துகூட விட்டேனே” என்று சொன்னால், “செவுத்த வந்து பாரு” என்பார். அந்தச் சுவரை வந்து பார்த்த அதிகாரி ஒருவரும் இல்லை.

தண்ணீர் வரும் நேரத்துக்குக் கூலியும் உண்டு. நம் பகுதியில் தறி ஓட்டும் பெண்களுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் காலை 10 மணிக்கு வரும் தண்ணீர், வராத தண்ணீருக்குச் சமம். தறியை நிறுத்திவிட்டு ஓட வேண்டும், அல்லது படிக்கிற பெண்ணைக் குழாயடியில் நிறுத்த வேண்டும். ‘நாளுக்கு ஒரு மணி நேரம்’ என்று எழுதும் அறிக்கை, அது யாருடைய எந்த மணி நேரம் என்று எழுதுவதில்லை.

நம் ஆறும் நம் அளவும்

நம் பக்கத்தையும் பார்ப்போம். ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து வரும் கொசஸ்தலை ஆற்று நீர் பள்ளிப்பட்டு வழியாக இறங்கிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1944இல் கட்டி முடித்த பூண்டி, சென்னையின் குடிநீருக்காக உருவானது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. எல்லை மாறியது, ஆறு போகும் திசை மாறவில்லை.

சென்னை போன்ற நகரத்தில் இருப்பவருக்கு இலக்கு ஆளுக்கு 135 லிட்டர். ஆர்.கே.பேட்டை ஒன்றியத்து ஊராட்சிகளில் இருப்பவருக்கு, 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டப்படி இலக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடக் கணக்கில் சொல்கிறேன். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் நகரத்து வீட்டுக்கு 45 குடம், நம் வீட்டுக்கு 18 குடம். பாதாளச் சாக்கடை உள்ள இடத்தில் அதை ஓட்டவே கூடுதல் நீர் வேண்டும் என்பது பொறியாளர்கள் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஆனால் மாடும் ஆடும் வைத்திருக்கும் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் இலக்கு வேறாக இருந்திருக்கும். இலக்கை வைப்பவர் யார் என்பதும் அளவீட்டின் பகுதிதான்.

பக்கத்தில் திருத்தணி நகராட்சி. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். விடுகிற தண்ணீரை நிரந்தரக் குடிமக்கள் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் ஆளுக்கு நிறையக் கிடைத்ததாகத் தோன்றும். அந்த நீர் மலைக்கும் விடுதிகளுக்கும் லாரிகளுக்கும் போயிருக்கும். எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்று கேட்காமல் எந்தச் சராசரியையும் ஏற்கக்கூடாது.

தரமும் உயிரும்

நீரின் தரத்துக்கும் இது பொருந்தும். குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மாதிரியைத் தொட்டியடியில் எடுத்தால் அந்த அளவு இருக்கும். கடைசிக் குழாய்க்கு வருவதற்குள் கரைந்துபோகலாம். சாக்கடையோரம் உடைந்த குழாயில் தண்ணீர் நிற்கும் நேரத்தில் கழிவு உள்ளே போகலாம். ஆகவே மாதிரி எடுத்த இடம் எது என்பதே முதல் கேள்வி.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. அதைக் கண்டுபிடித்தது எந்த அளவுகோலும் இல்லை. குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகு, அந்தத் தெரு மக்களே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். தொட்டி கட்டியாகிவிட்டது, இணைப்பு இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்ற மூன்று பத்திகளிலும் அந்த ஊர் தேறியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரங்களில் குடிநீரையும் கழிவுநீரையும் பெரும்பாலும் ஒரே நிர்வாகம்தான் பார்க்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்தின் பெயரிலேயே கழிவுநீரகற்றலும் உண்டு. கழிவுநீருக்கும் 9 அளவுகோல்கள் இருக்கின்றன. கழிப்பறை, குழாய் இணைப்பு, சுத்திகரிப்பு, மறுபயன்பாடு, கட்டணம் எல்லாம் அதில் உண்டு. சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர் எத்தனை பேர் என்ற பத்தி இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓராண்டில் அடைப்பையெல்லாம் நீக்கிப் புகார்களைத் தீர்த்த ஒரு நகரம், அதே ஆண்டில் இரண்டு தொழிலாளர்களை இழந்திருந்தாலும், இந்த அட்டவணையில் முழு மதிப்பெண் வாங்கலாம். ஒரு சாவு நிகழ்ந்தாலே அந்த ஆண்டின் மதிப்பெண் பூஜ்யம் என்று ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

அளந்து மாறிய நகரம்

அப்படியானால் அளவுகோலே வேண்டாமா? வேண்டும். கம்போடியாவின் தலைநகர் புனோம் பென் போரால் சிதைந்த நகரம். 1993இல் அங்கே உற்பத்தியான குடிநீரில் 72 விழுக்காடு வருவாய்க் கணக்கில் வராமல் போனது. எக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், எல்லோருக்கும் மீட்டர் வைத்தார்கள். ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது அவர் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி நீட்டப்பட்டது. திரும்ப வந்து மீட்டரை வைத்தார். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வலியவர் வீட்டுக் குழாயையும் எளியவர் வீட்டுக் குழாயையும் ஒரே அளவுகோலால் அளந்ததுதான் அங்கே நடந்த மாற்றம்.

பத்தாவது அளவுகோல்

ஒன்பதோடு பத்தாவதாக ஒன்றை நாம் கேட்க வேண்டும். தொட்டிக்கு அடுத்த முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் உள்ள வேறுபாடு. நேரத்தில் எவ்வளவு, குடத்தில் எவ்வளவு, குளோரினில் எவ்வளவு. அந்த வேறுபாடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் அந்த நிர்வாகத்தின் முன்னேற்றம்.

இது புதிய செலவு கேட்கும் காரியம் இல்லை. அரசின் கையேடே நகரத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து அளக்கச் சொல்கிறது. தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்று ஏ முதல் டி வரை தரமிடவும் சொல்கிறது. அரசிதழில் வருவது மட்டும் ஊருக்கு ஒரே எண். மண்டலக் கணக்கைக் காட்டுங்கள், தரவின் தரம் என்ன என்று காட்டுங்கள் என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதற்கு முன் நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். இங்கே இருக்கும் இளைஞர்களிடம் கேட்கிறேன். இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்று ஊர்த்தெருவின் முதல் குழாய்க்கு, ஒன்று காலனியின் கடைசிக் குழாய்க்கு. தண்ணீர் வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், ஒரு குடம் நிறைய ஆன நிமிடம், புகார் சொன்ன நாள், சரியான நாள். ஊராட்சியில் குளோரின் சோதனைப் பெட்டி இருக்கும், கேட்டு வாங்குங்கள். மருந்துச் சொட்டு விட்டால் நீர் மஞ்சளாகும். இரண்டு குழாயின் மஞ்சளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேங்க் ஆபரேட்டரைத் திட்டுவதற்காக இதைச் செய்ய வேண்டாம். குறைந்த கூலிக்கு வால்வு திறப்பவர் அவர், பல ஊர்களில் நம்மவர்தான். குழாயின் அளவையும் தொட்டியின் இடத்தையும் முடிவு செய்தவர்களிடம் கொண்டுபோவதற்காகச் செய்யுங்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். இப்போது தமிழகத்தில் அன்று கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்தைய 60 நாள் கணக்கை இரண்டு நோட்டிலிருந்தும் படித்துக் காட்டி, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டியதில்லை. எண்ணைப் படித்தால் போதும், அவை அமைதியாகும்.

1924இல் சீனிவாசனார் பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்று சட்டமன்றத்தைச் சொல்ல வைத்தார். நூறாண்டு கடந்துவிட்டது. கிணறு போய்க் குழாய் வந்திருக்கிறது. அவர் தொடங்கிய வேலையில் நம் பங்கு, அந்தக் குழாயின் கடைசி நுனியில் நின்று என்ன வருகிறது என்று எழுதி வைப்பது. என் அம்மா சுவரில் எழுதினார். நீங்கள் நோட்டில் எழுதுங்கள்.